பிள்ளை வளர்க்கச் சீமைப் படிப்பா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். வேதாரண்யம் பக்கம் கடைமடைக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு மூன்று மா நிலம், கொஞ்சம் தென்னை. நான் திருச்சியில் உளவியல் இளங்கலை முடித்தேன். இப்போது ஆக்ஸ்போர்டில் குழந்தை வளர்ச்சியும் கல்வியும் படிக்கும் ஓராண்டு முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “பிள்ளை வளர்க்கிறதுக்கா சீமைக்குப் போய்ப் படிக்கிறது? உங்க ஆத்தா ஒன்பது பேரை வளர்த்துச்சே, எந்தக் காலேஜ்ல படிச்சுது?” என்கிறார்.

இந்தப் படிப்பில் ஆசை வந்ததே கஜா புயலால்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. தம்பி அப்போது ஒன்றாம் வகுப்பு. அதன்பிறகு ஒரு வருஷம், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பான். கூப்பிட்டால் வரமாட்டான். பயந்த கோளாறு என்று திருநீறு போட்டார்கள், தாயத்து கட்டினார்கள். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அங்கே படிப்பது இங்கே உதவுமா ஐயா? அப்பாவிடம் என்ன சொல்வது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள மகளுக்கு,

போய் வாருங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆத்தாவுக்குத் தெரிந்தது சாதாரண விஷயமில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி என்று மாதக் கணக்கு வைத்தே பருவம் பிரித்தார்கள். தலை தூக்கி ஆடும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது வரும். ஆத்தாவும் அப்படிப் பார்த்தவர்தான். ஆனால் ஒன்பது மாதத்தில் கைகொட்டாத பிள்ளைக்கு என்ன செய்வது? குலசாமிக்கு நேர்ந்துகொள்வார். அதற்கு மேல் அவருக்கு வழி தெரியாது.

உங்கள் பாடத்தில் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே நிச்சயம் வருவார். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் வைத்துக் கேட்டால் பிள்ளை சமம் என்று சொல்லும். ஒன்றிலிருப்பதை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றிவிட்டு மறுபடியும் கேட்டால், சின்னப் பிள்ளைகள் பலர் உயரமானதில்தான் அதிகம் என்பார்கள். ஏழு வயது வாக்கில்தான் இது தெளிகிறது என்றார் பியாஜே. இதைப் படித்த நாட்களில் எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் செய்து பார்த்தேன். அவள் அம்மா நடவுக்குப் போயிருந்தாள். தண்ணீரில் அவளும் அப்படியேதான் சொன்னாள். பிறகு நெல்லைக் கொடுத்தேன். உழக்கில் அள்ளி, பெரியவர்கள் செய்வதுபோலவே உள்ளங்கையால் தலை தட்டி, உயரமான டம்ளரில் கொட்டினாள். “இப்ப எவ்வளவு இருக்கு?” என்றேன். “எதுல கொட்டினாலும் ஒழக்குதானே” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் ஒரு பதிலை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? நெல் என்பதாலா, அவளே அளந்ததாலா, நான் கேட்ட விதத்தாலா? பிரித்துப் பார்க்கும் வித்தை என்னிடம் இல்லை. நீங்கள் போவது அதைக் கற்கத்தான். மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, களிமண்ணின் உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பதை அவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வதாக 1969-இல் ஓர் ஆய்வு வந்தது. உழக்கைப் பற்றி, மரக்காலைப் பற்றி அப்படி ஒன்றை நீங்கள் செய்யலாமே.

இன்னொன்று. 1974-இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் இருவரும் இதே வகைச் சோதனையில் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றியபிறகு மட்டும் ஒரே தடவை கேட்டார்கள். சரியான பதில்கள் கூடின. பெரியவர் மறுபடியும் கேட்டால் முன்பு சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றிவிடுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் இது தினமும் நடக்கிறது. “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று வாத்தியார் சொன்னதும் சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பாக எழுதும் பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர்களை மக்கு என்றோம்.

அங்கே படிப்பதை அப்படியே கொண்டுவந்து இங்கே நடவேண்டாம். உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்திய, படித்த, வசதியுள்ள சமூகங்களை வைத்தே நடந்தது என்று ஜோசப் ஹென்ரிக்கும் அவரோடு இருவரும் 2010-இல் விரிவாக எழுதினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி வகுப்பு நடக்கும்போது, அம்மா வயலிலிருந்து திரும்பும்வரை அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று இடுப்பு மாறும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தின் பெரிய பெயரான மேரி ஐன்ஸ்வொர்த்தே 1950களில் உகாண்டாவின் கிராமத்து வீடுகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அமெரிக்காவில் தன் புகழ்பெற்ற ஆய்வைத் தொடங்கினார். புறப்படுவதற்கு முன் பத்து நாள் உங்கள் ஊர் அங்கன்வாடியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, பார்ப்பதை எழுதி எடுத்துப் போங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே மருத்துவ உளவியலாளராகப் பணிசெய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். குழந்தை வளர்ச்சி முதுகலை மட்டும் அதற்குப் போதாது. சிகிச்சைதான் உங்கள் விருப்பம் என்றால் அதற்குரிய படிப்பு தனி. ஆராய்ச்சி, ஆசிரியர் பயிற்சி, அங்கன்வாடிப் பாடத்திட்டம் என்றால் இது நல்ல வாசல்.

அப்பாவிடம் வாதம் செய்ய வேண்டாம். ஆத்தாவின் கை எட்டாத இடம் எது என்று அவருக்கும் தெரியும். தம்பி வாசலில் நின்றதை அவரும் பார்த்தவர்தானே. 2004-ஐ நினைவுபடுத்துங்கள். ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கடல் வந்தது. மிஞ்சிய பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அவர்கள் பேச்சிலேயே பேசத் தெரிந்த, படித்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. அப்படி ஒருத்தியாக உங்கள் மகள் வருவாள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தம்பி இப்போது வளர்ந்திருப்பான். அந்தப் பையில் என்ன வைத்திருந்தான் என்று கேட்டீர்களா? கிளம்புவதற்குள் கேளுங்கள். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அவன் சொல்லும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.