அமெரிக்கக் காவல்துறையும் நிறபேதமும் பற்றி அலுவலகத்தில் பேச்சு வந்தால், புள்ளிவிவரத்தோடு பேசினாலும் கறுப்பின நண்பர்கள் ஏன் வருத்தப்படுகிறார்கள்?

‘புள்ளிவிவரத்தோடு பேசினாலும்’ என்ற சொற்களைப் பார்த்ததும் பழைய புண் ஒன்று வலித்தது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் எச்-1பி விசாவில் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனவர் என்றும், மதிய உணவு மேசையில் நியாயமாகத்தான் பேசினோம் என்ற நம்பிக்கையோடு எண்களை அடுக்கிவிட்டு, மறுநாள் அந்த நண்பர் முகம் கொடுத்துப் பேசாததைக் கண்டு குழம்பியிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். 2015 மார்ச்சில் நான் அப்படித்தான் இருந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காவல்துறைக்கு எதிரானவன் அல்லன். எங்கள் அடுக்ககத்தில் என் காரின் கண்ணாடியை உடைத்து மடிக்கணினியை எடுத்துச் சென்றபோது, கால்மணி நேரத்தில் வந்து பொறுமையாகக் குறிப்பெடுத்துக்கொண்ட காவலரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எனக்கு இந்நாட்டில் வாக்கும் இல்லை, கட்சியும் இல்லை. வாக்கில்லாதவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: வரி கட்டுகிறேன், சாலையில் கார் ஓட்டுகிறேன்.

நான் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு மேற்கே உள்ள புறநகர் ஒன்றில் இருக்கிறேன். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர், டேரன் வில்சன் என்ற வெள்ளைக்காரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஃபெர்குசன் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். அந்த உடல் நான்கு மணி நேரம் நடுத்தெருவில் கிடந்தது. அவர் கைகளை உயர்த்திச் சரணடைந்த பிறகு சுடப்பட்டார் என்ற பேச்சு நாடெங்கும் பரவி, ‘கையை உயர்த்திவிட்டேன், சுடாதே’ என்பதே போராட்ட முழக்கமானது. அந்த நவம்பரில், குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி வில்சன் மீது வழக்குத் தொடுக்க மறுத்த இரவில் ஃபெர்குசனில் கடைகள் எரிந்ததை, ஹெலிகாப்டர் ஒளிபரப்பில் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு மார்ச் 4 அன்று அமெரிக்க நீதித்துறை தன் அறிக்கையை வெளியிட்டது. 86 பக்கம். வார இறுதியில் அதை முழுவதும் படித்தேன். கைகளை உயர்த்தியிருந்தார் என்று சொன்ன சாட்சிகளின் கூற்றுகள் தடயங்களோடும், அவர்களே முன்பு சொன்னவற்றோடும் பொருந்தவில்லை என்றும், காவலரின் காருக்குள்ளேயே கைகலப்பு நடந்ததற்குத் தடயம் இருக்கிறது என்றும், வில்சன் மீது வழக்குத் தொடுக்க இடமில்லை என்றும் அது தெளிவாகக் கூறியிருந்தது. ஒபாமாவின் ஆட்சியில், கறுப்பினத்தவரான எரிக் ஹோல்டர் தலைமை வகித்த துறை சொன்ன முடிவு அது. எனக்கு வேறென்ன வேண்டும்? முக்கியப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

நான் பேசிய நண்பர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கறுப்பினத்தவர், ஃபெர்குசனுக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவர். எனக்கு டேட்டாபேஸ் வேலையைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அந்த ஏழு மாதங்களில் அவராக ஒரு நாளும் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான்தான் காப்பி இயந்திரத்தின் முன்னால் அவரை நிறுத்தி வைத்து அறிக்கையைப் படித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. அந்தப் பையன் விஷயத்தில் அறிக்கை சொல்வது சரியாக இருக்கலாம் என்றுகூடச் சொன்னார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றி பெற்ற மயக்கத்தில், காவலர்களால் சுடப்படுபவர்களில் எண்ணிக்கையில் அதிகம் வெள்ளையர்தான் என்றேன். மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் கறுப்பினத்தவர் விகிதம் இரு மடங்குக்கு மேல் வரும் என்று அவர் சொன்னதும், மக்கள்தொகையால் வகுப்பது தவறு, குற்றங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்றேன். கடைசியில், ‘மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை’ என்று எங்கள் மொழியில் ஒரு பழமொழி உண்டு என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பெருமையோடு அவரைப் பார்த்தேன்.

மடியில் கனம் என்றால் என்ன என்று கேட்டார். வேட்டியின் இடுப்பு மடிப்பில் பணத்தை முடிந்து வைப்பார்கள், பணம் இல்லாதவனுக்கு வழிப்பறிக்காரனிடம் என்ன பயம் என்று விளக்கினேன். அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எங்கள் ஊரில் நேர் எதிர். மடியில் பணம் இல்லாதவனுக்குத்தான் வழியில் பயம். அன்று வெளிவந்தது இரண்டு அறிக்கை. நீ ஒன்றைத்தான் படித்திருக்கிறாய்” என்றார். அதன் பிறகு பல வாரங்கள் எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டுமே இருந்தது.

அவர் சொன்னது உண்மை. அதே நாளில் அதே துறை, ஃபெர்குசன் காவல்துறையின் நடைமுறை பற்றித் தனியாக இன்னொரு அறிக்கையை, நூறு பக்கத்துக்கு மேல், வெளியிட்டிருந்தது. வில்சனை ஆதரித்தவர்கள் முதல் அறிக்கையோடு நின்றார்கள். எதிர்த்தவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான் முதல் கூட்டம். இரண்டாவதைப் படிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. படிக்க வேண்டாம் என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஃபெர்குசன் மக்களில் 67 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர்; நிறுத்தப்பட்ட வாகனங்களில் 85 விழுக்காடும் கைதுகளில் 93 விழுக்காடும் அவர்களுடையவை. இதற்கும் ‘குற்றத்தால் வகுக்க வேண்டும்’ என்ற என் பதில் தயாராக இருந்தது. அடுத்த வரியில் அது அடிபட்டுப்போயிற்று. நிறுத்தப்பட்ட கார்களில் கறுப்பினத்தவருடையவை சோதனையிடப்படும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல். ஆனால் அப்படிச் சோதித்ததில் தடைசெய்யப்பட்ட பொருள் சிக்கியதோ வெள்ளையர்களைவிட 26 விழுக்காடு குறைவு. சந்தேகம் நியாயமானதாக இருந்திருந்தால் சிக்கியதும் அதிகமாக அல்லவா இருந்திருக்கும்? ‘சாலையில் நடந்த விதம்’ என்றே ஒரு குற்றம் அந்த ஊர்ச் சட்டத்தில் இருந்தது. அதில் 95 விழுக்காடு கறுப்பினத்தவர். மைக்கேல் பிரவுனை வில்சன் முதலில் நிறுத்தியதும் நடுச்சாலையில் நடந்ததற்காகத்தான்.

காரணம் வெறும் வெறுப்பு என்று அந்த அறிக்கை நிறுத்திக்கொள்ளவில்லை. பின்னால் இருந்தது பணம். செயின்ட் லூயிஸ் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அப்போது சுமார் 90 குட்டி நகராட்சிகள். அவற்றில் 80க்கு மேற்பட்டவை தனித்தனி நீதிமன்றம் வைத்திருந்தன. நகரத்தை விட்டு வெளியேறிய வெள்ளையர்கள் தங்களுக்கென்று சின்னச் சின்ன ஊர்களை அமைத்து, மனை விதிகளால் கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தி வைத்த வரலாறு அது. பின்னர் அவர்களும் இன்னும் மேற்கே, அதாவது நானும் என் நண்பர்களும் ‘நல்ல ஏரியா’ என்று தேடிப் பிடித்து வீடு எடுக்கும் பக்கத்துக்கு, நகர்ந்துவிட்டார்கள். வரி கொடுக்கும் கடைகளும் கூடவே போயின. மிச்சமிருந்த ஊர்களுக்கு அபராதம்தான் வருமானம். டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதுவது கணிசமாக உயராவிட்டால் அடுத்த ஆண்டு வசூலைக் கூட்டுவது கடினம் என்று 2010இல் ஃபெர்குசனின் நிதி அதிகாரி காவல்துறைத் தலைவருக்கு எழுதிய வரி அறிக்கையிலேயே இருக்கிறது.

அதில் பெயர் குறிப்பிடாமல் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007இல் காரை விதிமீறி நிறுத்தினார். 151 டாலர் அபராதமும் கட்டணமும் விதித்தார்கள். சில காலம் வீடே இல்லாமல் இருந்தவர் அவர். நீதிமன்றத் தேதிகளையும் தவணைகளையும் தவறவிட்டதற்காக ஏழு முறை அவர் மீது புதிய குற்றச்சாட்டு. ஒவ்வொன்றுக்கும் பிடியாணை, மேலும் அபராதம். இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். இடையில் 25 டாலரும் 50 டாலரும் அனுப்பிப் பார்த்திருக்கிறார். முழுத்தொகை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழாண்டில் 550 டாலர் கட்டிய பிறகும், 2014 டிசம்பரில் அவர் 541 டாலர் பாக்கி வைத்திருந்தார்.

அந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் டிக்கெட் நினைவுக்கு வந்தது. அதுவரை அது எனக்கு நினைவில்கூட இல்லை என்பதுதான் இந்தப் பதிலில் எனக்கு மிகவும் வெட்கமான இடம்.

2012 அக்டோபரில், மாமனார் மாமியாரை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும் இரவில், அந்தக் குட்டி ஊர்களில் ஒன்றில் சிக்னல் போடாமல் தடம் மாறியதாக ஒரு காவலர் என்னை நிறுத்தினார். ஊரின் பெயர் வேண்டாம். பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழல்கிறது, நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே முன்பெட்டியைத் திறந்து காப்பீட்டுத் தாளைத் தேடுகிறேன். டார்ச் வெளிச்சத்தில் என் முகத்தையும் உரிமத்தையும் பார்த்துவிட்டு, எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார். டிக்கெட்டைக் கொடுத்து, பத்திரமாகப் போ என்றார். நான் வீடு மாறினேன், நீதிமன்றத் தேதியை மறந்தேன். ஓட்டுநர் உரிமம் ரத்தாகும் என்று கடிதம் வந்தபோதுதான் என் பெயரில் ஒரு பிடியாணை இருப்பதே தெரிந்தது. விசாப் புதுப்பிப்பு என்னாகுமோ என்று இரண்டு இரவுகள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வழக்கறிஞருக்கு 150 டாலர் கொடுத்தேன். பிடியாணை போயிற்று. நான் நீதிமன்றப் படியைக்கூட மிதிக்கவில்லை. அந்தப் பெண் செய்த அதே தவறு. என் மடியில் கனம் இருந்தது, அவ்வளவுதான்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நெஞ்சு ஆறாது. நான் வாதிட்டதற்கு ஒரு மாதம் முன்பு, 2015 பிப்ரவரியில், அலபாமா மாநிலம் மேடிசனில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் மகன் வீட்டருகே காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பர் ஒருவர் நடமாடுகிறார் என்று அண்டைவீட்டார் அழைக்க, வந்த காவலர் அவரைத் தரையில் அடித்து வீழ்த்தி முதுகுத்தண்டைக் காயப்படுத்தினார். வழக்கில் இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. பிறகு நீதிபதியே அந்தக் காவலரை விடுவித்தார். எங்கள் சனிக்கிழமை விருந்தில் எல்லாரும் கொதித்தார்கள். ஆனால் அவர்கள் சொன்ன சொல் என்ன? “பாவம், அவரைப் போய்க் கறுப்பர் என்று நினைத்துவிட்டார்களாம்.” உண்மையிலேயே கறுப்பராக இருந்திருந்தால் பாதகமில்லை என்பதுபோல. அந்த மேசையில் நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இதை வைத்து, முதல் அறிக்கை பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செயின்ட் லூயிஸ் கவுண்டியில் நீண்ட காலம் பதவியிலிருந்த அரசு வழக்கறிஞரை 2018இல் மக்கள் தோற்கடித்து, ஃபெர்குசன் நகரசபையிலிருந்த வெஸ்லி பெல் என்ற கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் வழக்கை மறுபடி பரிசீலித்து, 2020இல், வில்சன் மீது கொலைக்குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றே அறிவித்தார். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட மினியாபொலிஸ் நகரிலும், காவல்துறைக்குப் பதிலாக வேறொரு துறையை அமைக்கும் திட்டத்தை 2021 நவம்பரில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஒரு குறிப்பிட்ட காவலர் குற்றவாளியா என்பது வேறு கேள்வி, ஒரு ஊரின் காவல்முறை அநியாயமானதா என்பது வேறு கேள்வி. நான் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்வியின் வாயை அடைக்கப் பயன்படுத்தினேன். உங்கள் நண்பரிடம் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன்.

பிறகு ஒரு நாள் என் அலுவலக நண்பரிடம் போய் என் டிக்கெட் கதையைச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, கதை மட்டும் வந்தது. காவலரிடம் கேட்காமலே நான் முன்பெட்டியைத் திறந்த இடத்தில் அவர் என்னைத் தடுத்து, “சொல்லாமலா கையை விட்டாய்?” என்றார். தன் மகன்கள் இருவரையும் வீட்டு வாசலில் நிறுத்திய காரில் உட்காரவைத்து, உள்விளக்கைப் போடுவது, இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைப்பது, எதை எடுக்கும் முன்பும் வாயால் சொல்லி அனுமதி கேட்பது என்று ஒத்திகை பார்த்திருக்கிறாராம். அப்போது சின்னவனுக்கு 15 வயது.

வழக்கறிஞர் என் டிக்கெட்டை என்னவாக மாற்றினார் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். காசு கொடுத்தால், ஓட்டுநர் பதிவில் கறை படியாத வேறொரு சின்னக் குற்றமாக மாற்றிக்கொடுப்பார்கள். ரசீதைத் தேடி எடுத்து மறுநாள் காட்டினேன். விதிமீறி வாகனம் நிறுத்தியது என்று அதில் போட்டிருந்தது. அந்த ஊரில் நான் ஒரு நாளும் காரை நிறுத்தியதே இல்லை.