ப்ரெசன்ட் எங்க உடையும்?

கேள்வி: பையன் ஆறாவது படிக்கிறான். பிறந்தநாளுக்கு ப்ரெசன்ட் வந்துச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதும்போது வரி கடைசில இடம் பத்தல, பி ஆர் இ வரைக்கும் எழுதி ஒரு கோடு போட்டு மிச்சத்தை கீழ எழுதிட்டான். டீச்சர் சிவப்பு மையில சுழிச்சிருக்காங்க. 'ப்ரீ'ங்கிற துண்டு இங்கிலீஷ்ல இருக்குதானே, அங்க உடைச்சா என்ன தப்பு?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இந்த வாக்கியத்துல டீச்சர் சொல்றதுதான் சரி, வேற வாக்கியமா இருந்தா உங்க பையன் ஜெயிச்சிருப்பான். மெரியம்-வெப்ஸ்டர் அகராதில பாருங்க, பரிசுன்னு அர்த்தம் வந்தா எஸ் எழுத்துக்கு அப்புறம் உடைக்கறாங்க, ஒருத்தருக்கு வழங்குறதுங்கிற வினைச்சொல்லா வந்தா எஸ்ஸுக்கு முன்னாடியே உடைக்கறாங்க. ஏன்னா வாய்ல சொல்லும்போது அழுத்தம் மாறுது, பரிசுக்கு 'ப்ரெஸ்'ல அழுத்தம், அந்தக் குட்டி 'எ' எஸ்ஸை தன்கிட்ட இழுத்துக்குது, வினைச்சொல்லுக்கு அழுத்தம் பின்னாடி போயிடும், ப்ரி-ஸென்ட், அப்போ எஸ்ஸும் கூடவே போயிடும். ரெக்கார்ட், ப்ராஜெக்ட், டெசர்ட் (பாலைவனமும் கைவிடுறதும்) எல்லாத்துலயும் இதே கூத்துதான். அதுவுமில்லாம பி ஆர் இ போட்டு கோடு இழுத்தா, 'ப்ரீ-சென்ட்', அதாவது முன்கூட்டியே அனுப்பினதுன்னு வேற படிச்சுத் தொலைப்பாங்க.

கம்ப்யூட்டரே இதுல கைய விரிச்சிருக்குங்க. புத்தகப் பக்கங்களை அச்சுக்கு அடுக்கித் தர்ற டெக் (TeX) மென்பொருளுக்காக ஃப்ராங்க்ளின் லியாங் 1983ல ஸ்டான்ஃபோர்ட்ல செஞ்ச முனைவர் ஆய்வுல, வார்த்தைய எங்க உடைக்கணும்னு 4447 பேட்டர்ன் கண்டுபிடிச்சாரு, அதுக்கும் அடங்காத 14 வார்த்தைக்கு தனி லிஸ்ட். அந்த லிஸ்ட்ல ப்ரெசன்ட், ப்ராஜெக்ட் ரெண்டும் இருக்கு, அதுங்களோட பன்மையும் இருக்கு. பெயரா வினையான்னு மெஷினுக்கு தெரியாதே, அதனால உடைக்கவே வேணாம்னு விட்டுட்டாங்க. பையனும் அப்படியே முழு வார்த்தையையும் கீழ இறக்கிட்டா வம்பே இல்ல.

நமக்கு இந்தத் தலைவலி கிடையாது, தமிழ் பத்திரிகைல கோடே போடாம வார்த்தைய உடைச்சு அடுத்த வரிக்கு போயிடுவோம், புள்ளி வச்ச எழுத்து மட்டும் வரி ஆரம்பத்துல வராம பாத்துக்கிட்டா போதும். சும்மா ஒரு ஆசைக்கு நம்ம யாப்புக் கணக்குல போட்டுப் பாத்தேன்: பிர-சன்ட், நிரை நேர், புளிமா! இங்கிலீஷ்ல ரெண்டு சிலபிள், இங்கயும் ரெண்டு அசை.

கேள்வி: இங்கிலீஷ்ல எழுதின பவர் பத்திரத்துல 'பை தீஸ் ப்ரெசன்ட்ஸ்'னு போட்டிருக்கே, யாருக்கு என்ன பரிசு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒண்ணும் கிடைக்காது சார், தேடாதீங்க. முன்னாடி இருக்கிறதுங்கிறதுதான் லத்தீன்ல இருந்து வந்த மூல அர்த்தம். க்ளாஸ்ல நாம 'ப்ரெசன்ட் சார்' சொன்னது, 'உள்ளேன் ஐயா' சொன்னது எல்லாம் அந்தக் கணக்குதான், ஒருத்தர் முன்னாடி கொண்டுபோய் வைக்கறதால பரிசுக்கும் அதே பேரு. பத்திரத்துல வர்ற ப்ரெசன்ட்ஸ்னா உங்க கைல இருக்கிற அந்தப் பத்திரமேதான்.