எல்லாம் இலவசம்தானே, அப்புறம் எதற்கு மாதம் ஆயிரம் ரூபாய்?

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வந்தவாசி பக்கம் இருளர் குடியிருப்புகளில் வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு, ஏழாவது படிக்கும் ஒரு சிறுமியை ஸ்பான்சர் செய்யச் சொல்கிறது, மாதம் 1,000 ரூபாய். எனக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாமே இலவசம், பிறகு இந்தப் பணம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பணம் அந்தப் பிள்ளைக்குத்தான் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரில் போய்ப் பார்க்கலாமா?"

உங்கள் வீட்டில் கேட்டது சரியான கேள்விதான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது நிறைய. பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஆனால் இதெல்லாம் பள்ளிக்கு வந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்கு. ஏழாவதுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஆறு வருடம் இருக்கிறது, இருளர் வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் காணாமல் போவது அந்த ஆறு வருடத்தில்தான். வட மாவட்டங்களில் இந்தப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன், அவர்கள் எந்த மாதத்தில் காணாமல் போவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

பொங்கல் முடிந்ததும்.

மழைக்காலத்தில் வயல் வேலையும் சரியாக இருக்காது, விறகு வெட்டும் இருக்காது, கையில் காசு இருக்காது. அந்த நேரம் பார்த்துச் செங்கல் சூளைக்கு ஆள் சேர்ப்பவர் வருவார், முன்பணம் கொடுப்பார். மருத்துவச் செலவோ கல்யாணமோ சாவோ, ஏதோ ஒன்றுக்காக வாங்கிய அந்தப் பணத்தைக் கல் அறுத்துத்தான் கழிக்க வேண்டும். கூலி கல் எண்ணிக்கைக்கு என்பதால் எத்தனை கை இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கடன் தீரும், அதனால் குடும்பமே கிளம்பிவிடும். அப்பாவும் அம்மாவும் விடிகாலையில் இருந்து மண் பிசைந்து கல் அறுக்க, காய்கிற கல்லைப் புரட்டி வைப்பதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பெரிய பெண்ணின் வேலை. திரும்பி வரும்போது மே, ஜூன் ஆகிவிடும். நடுவில் முழு ஆண்டுத் தேர்வு போய்விட்டது. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் பதிவேட்டில் பெயர் இருக்கும், தேர்ச்சியும் கிடைக்கும், ஆனால் மூன்று வருடம் இப்படிப் பாதி வருடம் தவறிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் உட்காரும்போது புத்தகத்தில் ஒரு பக்கம்கூட ஓடாது. அவமானம் தாங்காமல் அதுவே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்தால் "படிப்பில் ஆர்வம் இல்லை" என்றுதான் தோன்றும்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை விட்டுவிடுகிறேன். அங்கேயும் ஏழாவது படிக்கும் பெண்தான். முன்பணம் வாங்கியாகிவிட்டது, தட்டுமுட்டுச் சாமானைக் கட்டியாகிவிட்டது. எங்கள் களப்பணியாளர் அதற்கு முந்தைய வாரமே போய் உட்கார்ந்து பேசினார், ஏனென்றால் டிராக்டர் வந்து நின்ற பிறகு பேசிப் பயனில்லை. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போங்கள் என்றார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கெழவிக்கே ஒரு வேளக் கஞ்சி, இதுக்கு யாரு போடுவா?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஸ்பான்சர் பணம் போனது. ரேஷன் அரிசி இருந்தது. பருப்பு, எண்ணெய், முட்டை, சோப்பு, சானிட்டரி நாப்கின், இரவில் படிக்க ஒரு சோலார் விளக்கு (வீட்டுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்பும் இல்லை) என்று மாதம் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மீதி, அதே குடியிருப்பில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் நடத்தும் மாலை நேர வகுப்புக்கு. ஐந்து மாதம் அப்படி ஓடியது, அந்த வருடம் அவள் தேர்வு எழுதினாள். புத்தகம் அவளிடம் முன்பும் இருந்தது. ஊரோடு இருக்க ஒரு வழிதான் இல்லாமல் இருந்தது.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். இருளர் பழங்குடியினர், அதிலும் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடி என்று அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் ஒன்று. ஆனால் எஸ்.டி. சான்றிதழைக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ சான்றிதழ் இருந்தால் வேலை எளிது, குடும்பத்திலேயே யாருக்கும் இல்லை என்றால் இந்தப் பிள்ளைதான் முதல் ஆள். மனு, விசாரணை, "நாளைக்கு வா", மறுபடி மனு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. பத்தாவதுக்குப் பிறகான உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அந்தரத்தில் நிற்கும். கூடவே போய் வரிசையில் நின்று, எந்தக் காகிதம் குறைகிறது என்று கேட்டு வாங்கி வர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால் தம்பி, தங்கை, சித்தப்பா பிள்ளைகள் என்று பின்னால் வருபவர்களுக்கு வழி திறந்துவிடும். நீங்கள் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பணம் எட்டுப் பேருக்குப் பயன்படுவது இப்படித்தான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. புரூஸ் வைடிக், பால் கிளெவ், லெய்ன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 10,144 பேரை விசாரித்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பெரிய ஸ்பான்சர் அமைப்பு ஒரு ஊருக்குள் போகும்போது 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்க்காது என்று விதி வைத்திருந்தது. அதனால் அதே வீட்டில் வயது தாண்டிவிட்ட அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. இருவரையும் பெரியவர்களான பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்பான்சர் கிடைத்தவர்கள் சராசரியாக ஒரு வருடத்துக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள், பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் பங்கு 12 முதல் 18 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. ஒரு வருடம்தானா என்று நினைக்காதீர்கள், ஒன்பதாவதில் நிற்பதும் பத்தாவது முடிப்பதும் ஒன்றா?

அதே ஆய்வாளர்களில் இருவர் பிறகு ஜகார்த்தாவின் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளிடம் கலர் பென்சில் கொடுத்து, மழையில் நிற்கிற மாதிரி உன்னையே வரைந்து காட்டு என்றார்கள். ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையும் தன்னால் முடியும் என்ற எண்ணமும் கூடுதலாகத் தெரிந்தன என்பதுதான் அவர்கள் சொன்ன முடிவு. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தன்னை ஒருவர் தினமும் கணக்கில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளையின் நடையே மாறிவிடும்.

சரி, பணம் போய்ச் சேருமா? இந்தப் பயம் வீண் பயம் இல்லை. 1998-இல் சிக்காகோ டிரிப்யூன் செய்தியாளர்கள் தாங்களே பிள்ளைகளை ஸ்பான்சர் செய்து, பிறகு தேடிப் போய்ப் பார்த்தார்கள். இறந்துபோன குழந்தையின் பெயரில்கூட ஸ்பான்சருக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. ஆகவே கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். ஆனால் எல்லோரும் கேட்கிற "நூறு சதவீதமும் குழந்தைக்கே போகுமா?" என்பதைக் கேட்காதீர்கள். "ஆமாம், ஒரு பைசா நிர்வாகத்துக்கு எடுப்பதில்லை" என்று சொல்கிற இடத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வாசல் வாசலாகப் போகிற ஆளின் சம்பளம் நிர்வாகச் செலவு இல்லை, அதுதான் வேலையே.

நான் கேட்பது வேறு. ஒரு களப்பணியாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? முப்பது, நாற்பது என்றால் நம்பலாம், முந்நூறு என்றால் அவருக்குப் பெயர்கூட நினைவிருக்காது. பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும், யார் போவார்கள்? ஜனவரியில் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் அந்த ஊர் அவர்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்றும் கேளுங்கள், யாருமே நிற்கவில்லை என்றால் உண்மை சொல்லவில்லை. அப்புறம், பணம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகிறதா, குடியிருப்புக்குப் பொதுவான மாலை வகுப்புக்கும் சேர்த்துப் போகிறதா? பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் ஒரு பிள்ளைக்கு மட்டும் புதுப் பை, புதுச் செருப்பு வந்தால் அந்தப் பிள்ளைக்கே அது நல்லதில்லை. பொதுவில் சேர்த்துச் செலவழித்து, அதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிற அமைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வரி விஷயம் சுருக்கமாக. 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு) உள்ள அமைப்பு என்றால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ரசீது மட்டும் போதாது, அமைப்பு தருகிற நன்கொடைச் சான்றிதழான 10பிஇ படிவம் வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்கள் சேர விரும்பினால், இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தப் பணத்தை வங்கி மூலம் அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு, உள்ள அமைப்புக்குத்தான் கொடுக்க முடியும்.

அரசிடமும் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது, மிஷன் வாத்சல்யா. தகப்பனை இழந்த பிள்ளை, கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளை என்று இக்கட்டில் இருப்பவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்கும், கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சிறுமிக்கு அதற்குத் தகுதி இருக்கிறதா, விண்ணப்பித்தார்களா என்று அமைப்பிடம் கேளுங்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் உங்கள் பணத்தை மட்டும் கேட்டால் சரியில்லை. கிடைத்துவிட்டால் உங்கள் 1,000 ரூபாய் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும்.

நேரில் போகலாமா? போகலாம், ஆனால் அமைப்பு மூலமாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு, களப்பணியாளர் கூட இருக்கும்போது மட்டும். தனியாகப் போகாதீர்கள், பெற்றோரிடம் நேரடியாகப் பணம் கொடுக்காதீர்கள், பிள்ளையோடு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். உங்களைத் தடுத்து விசாரிக்கிற அமைப்புதான் நல்ல அமைப்பு, ஏனென்றால் நல்ல எண்ணம் இல்லாதவர்களும் இதே வாசல் வழியாகத்தான் வருவார்கள். பெண்ணின் முழுப் பெயர், ஊர், பள்ளி, படம் எல்லாவற்றையும் போட்டு விளம்பரம் செய்கிற இடமாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். கிழிந்த சட்டையோடு அழுகிற முகத்தை இணையத்தில் போடுகிறார்களே, அந்தப் பிள்ளை இருபது வயதில் அதைப் பார்க்க மாட்டாளா? குடியிருப்புக்குப் போகிறபோது மிட்டாய் வாங்கிப் போனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிப் போங்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான், தொடங்கினால் அவள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை, ஆறு வருடம். ஆயிரம் கஷ்டம் என்றால் ஐந்நூறு கொடுங்கள், தோழியோடு பாதிப் பாதி போடுங்கள், ஆனால் ஒன்பதாவதில் நிறுத்திவிடாதீர்கள். எங்களிடம் ஒரு ஸ்பான்சர் தகவல் சொல்லாமல் நிறுத்தினார். பணத்தை வேறு கணக்கில் சமாளித்துவிட்டோம். "அந்த அக்காவுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அந்தப் பெண் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. வேலை போனாலோ வேறு நெருக்கடி வந்தாலோ மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள், அமைப்பு வேறு ஏற்பாடு செய்துகொள்ளும், அவளிடமும் முறையாகச் சொல்ல முடியும்.

சேர முடிவு செய்தால் முதல் கடிதத்தில் அறிவுரை எழுத வேண்டாம். நன்றாகப் படி, கலெக்டர் ஆகு என்று அவளிடம் ஏற்கனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். ஏழாவதில் உங்களுக்கு எந்தப் பாடம் வரவில்லை, யாரோடு சண்டை போட்டீர்கள், ஓசூரில் குளிர் எப்படி என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில், சின்ன வாக்கியங்களாக, கையால். அவள் வீட்டில் ஆடு இருக்கிறதா, அதற்குப் பெயர் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். அப்பா அம்மா சூளைக்குப் போகும் முன்னால், டிசம்பரிலேயே கடிதம் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.