நகரும் கடைசித் தேதி: நகரமைப்புச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அனுமதி மீறிக் கட்டிய கட்டடங்களை வரைமுறைப்படுத்தத் தமிழ்நாட்டில் சட்டத்தை மீண்டும் மீண்டும் திருத்துகிறார்களே, எந்தக் கட்சி ஆண்டாலும் இது நிற்காதது ஏன்?
– வாசகர், மாம்பலம்

பதில்: 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே, 113ஆம் பிரிவின் வழியாக, எந்தக் கட்டடத்துக்கும் விலக்களிக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்தது. 1998இல் தி.மு.க. ஆட்சி 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் செலுத்தினால் விதிமீறலை வரைமுறைப்படுத்தலாம், அதாவது சட்டப்படி ஏற்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அடிப்படையில்தான் 2000இல் அந்த நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே ஆண்டிலும், அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்த பின்னர் 2001, 2002 ஆகிய ஆண்டுகளிலும் சட்டம் திருத்தப்பட்டு, எந்த நாள்வரை கட்டியவற்றுக்கு இச்சலுகை என்ற கடைசித் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இந்தப் பிந்தைய திருத்தங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. தியாகராய நகரின் பெரிய கடைகளுக்கு இடிப்பு நெருங்கிய வேளையில், 2007இல், அவற்றைக் காக்க தி.மு.க. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2012இல் அ.தி.மு.க. அரசு 113-சி பிரிவைச் சேர்த்து, 1.7.2007 வரை கட்டப்பட்டவற்றுக்கு வழி திறந்தது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் இதில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

காரணத்தைப் பேராசை என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. இடிப்பு ஆணை வந்தால் பாதிக்கப்படுகிறவர்கள் கண்முன்னே நிற்கிறார்கள்: கடை முதலாளி, அங்கே வேலை பார்க்கும் நூற்றுக்கணக்கான பெண்களும் ஆண்களும், விதிமீறல் இருப்பதே தெரியாமல் வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கிய குடும்பம். அவர்களுக்கு வாக்கு உண்டு, சங்கம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி விடப்படாததால் நாளைக்குத் தீ விபத்தில் சிக்கப்போகிறவரோ, மழைநீர் வடிய இடமில்லாமல் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கப்போகிற பின்தெருக்காரரோ இன்று யாருடைய மனுவிலும் இல்லை. வரைமுறைக் கட்டணம் கருவூலத்துக்கு வருமானம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

2017 மே 31 அன்று தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். தீ அன்றைக்குள் அடங்கவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தும் விழுந்தது. 113-சி பிரிவின்கீழ் வரைமுறைப்படுத்துவதற்கான நெறிமுறைகள் வெளிவந்தது அதற்கு அடுத்த மாதமே. நெறிமுறைகளைத் தயாரிக்கும் வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் தீயைப் பார்த்த பிறகு ஒருமுறை நின்று யோசித்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். கட்டடத்தை மன்னிக்க இத்தனை முறை சட்டத்தைத் திருத்தியவர்கள், அது மாடி மாடியாக எழும்போது பார்த்துக்கொண்டிருந்த அலுவலரையும், கட்டி விற்றுவிட்டுப் போனவரையும் பொறுப்பாக்குவதில் இதே வேகத்தைக் காட்டியிருந்தால், அடுத்த கடைசித் தேதிக்காகக் காத்திருக்கும் துணிச்சல் யாருக்கும் வந்திருக்காது.

கேள்வி: வாழ்நாள் சேமிப்பில் இரண்டு கிரவுண்டு வாங்கினேன். அது அங்கீகாரமில்லாத மனை என்று பிறகுதான் தெரிந்தது. நானும் சட்டத்தை மீறியவனா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: இல்லை. உங்களிடம் முத்திரைத்தாள் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு பத்திரம் பதிந்து கொடுத்தது அரசின் அலுவலகம். வயலில் கல் நட்டு, தாளில் சாலை வரைந்து விற்ற மனைகளைப் பல ஆண்டுகள் இப்படியே பதிந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்த பிறகே இது நின்றது. 20.10.2016க்கு முன் விற்ற மனைகளுக்காக 2017 மே மாதம் வரைமுறை விதிகள் வந்தன. விண்ணப்பிக்கும் காலக்கெடு அதன்பின் பலமுறை நீட்டிக்கப்பட்டது. விதிக்குள் அடங்கும் மனை என்றால் ஆணையைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டட அனுமதிக்கும் மறுவிற்பனைக்கும் அது தேவைப்படும்.

ஆனால் கட்டணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்று உண்டு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10 விழுக்காடு நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்குமாக விடவேண்டும் என்பது விதி. அங்கீகாரம் வாங்காமல் விற்றவர் அந்த நிலத்தையும் மனைகளாக விற்றுவிட்டார். உங்கள் குழந்தைகள் விளையாடியிருக்க வேண்டிய இடத்தில் இன்று யாரோ ஒருவருடைய வீடு நிற்கிறது. அவரும் உங்களைப் போலவே நம்பி வாங்கியவர்தான்.

கேள்வி: சட்டமன்றத்தில் நடப்பதைச் சாதாரண மக்கள் என்ன செய்துவிட முடியும்?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: சட்டமன்றத்துக்கு வெளியேயும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுப்பது முழுமைத் திட்டம். சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1975இலும், இரண்டாவது 2008இலும் வந்தன. இரண்டாவதன் காலம் 2026உடன் முடிகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த திட்டப் பகுதி 2022இல் 5,904 ஆக விரிவாக்கப்பட்டதால், உங்கள் மாவட்டத்தின் எத்தனையோ ஊர்கள் இப்போது அதற்குள் வந்துவிட்டன. அடுத்த திட்டத்தின் வரைவை வெளியிட்டால், ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும் என்று அதே 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்தில் நாளிதழ் அறிவிப்போடு நின்றுவிடாமல், வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் ஊர் ஏரிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எந்தப் பயன்பாட்டுக்கான நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தவறாக இருந்தால், புல எண்ணைக் குறிப்பிட்டு, தமிழிலேயே எழுதி, ஊராரின் கையொப்பத்தோடு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், உரிய காலத்தில் நீங்கள் ஆட்சேபித்ததற்கு அந்தச் சீட்டே சான்று.