ஒன்பது வயதில் லிப்ஸ்டிக் கேட்கிறாள்!

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 34. மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். கணவர் துபாயில். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரே மகள், நான்காம் வகுப்பு.

அவளுடைய உடையும் ஆட்டமும்தான் பிரச்னை. லிப்ஸ்டிக் இல்லாமல் கல்யாண வீட்டுக்கு வர மாட்டாள். தீபாவளிக்குப் பாவாடை சட்டை எடுத்தால் 'பாட்டி டிரஸ்' என்று வீசுகிறாள். தொப்புள் தெரிகிற க்ராப் டாப்தான் வேண்டுமாம். ஆண்டு விழாவில் ஒரு குத்துப் பாட்டுக்கு அவளை முன்வரிசையில் ஆடவிட்டார்கள். கண்ணடித்து, இடுப்பை வெட்டி... அரங்கமே விசிலடித்தது. நானும் கைதட்டினேன், வேறென்ன செய்வது? பள்ளிக்கூடமே இப்படிச் செய்யலாமா? டிவி டான்ஸ் போட்டிகளைக் கேட்க ஆளில்லையா?

மாமியாருக்கு எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். 'நீ வளர்த்த லட்சணம்' என்கிறார். சாயங்காலமானால் சைக்கிளில் தெருவைச் சுற்றியவள் இப்போது வெளியே போவதில்லை, வியர்த்தால் அசிங்கமாக இருப்பாளாம்; அதற்கும் 'போனும் கையுமாகப் பழக்கிவிட்டாய்' என்று என் மேல்தான் பழி. அவள் ஆடுவதை நான் ரீல்ஸ் போடுவது அவள் அப்பா பார்க்கட்டும் என்றுதான். அவரோ ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். லிப்ஸ்டிக், டிரஸ் என்று தினமும் சண்டை. அடித்தும் பார்த்துவிட்டேன். எப்படித் திருத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளே,

லிப்ஸ்டிக்கை விடு. அம்மா சேலையைச் சுற்றிக்கொண்டு பெரிய மனுஷி வேஷம் போடாத பெண் குழந்தை எந்தக் காலத்தில் இருந்தது? உன் மாமியாரும் போட்டிருப்பார். அவரைப் பற்றிய புகாருக்கு நடுவே ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய்: வியர்த்தால் அசிங்கமாம், அதனால் சைக்கிளைத் தொடுவதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்பது வயதில் உடம்பு என்பது மிதிக்க, ஓட, விழுந்து எழ. உன் மகளுக்கு அது அடுத்தவர் பார்ப்பதற்கு என்று ஆக ஆரம்பித்துவிட்டது. 1998இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கல்லூரி மாணவிகளில் சிலரை நீச்சலுடையும் சிலரை ஸ்வெட்டரும் போடவைத்து, தனியாக உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னார்கள். பார்க்க யாருமில்லை. அப்படியும் நீச்சலுடையில் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற நினைப்பே கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள்.

பள்ளியின் மேல் உனக்கு வரும் கோபம் நியாயம். டான்ஸ் நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்கு மீறிக் காட்டாதீர்கள் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடு. ஆனால் ஆண்டு விழா வருஷத்துக்கு ஒரு நாள். உன் போன் தினமும் வீட்டிலேயே இருக்கிறதே! அப்பா பார்க்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் அனுப்பலாம். இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்க 13 வயதாக வேண்டும் என்பது அவர்களுடைய விதி. உன் கணக்கு வழியாக உன் மகள் ஒன்பதிலேயே ஊர் முன்னால் நிற்கிறாள். இடுப்பை வெட்டினால் கைதட்டல், அதே மாதிரி உடுத்த ஆசைப்பட்டால் அடி. அவள் எதைத்தான் நம்புவாள்?

கோபித்துக்கொள்ளாதே. 'நல்லாத்தான் வளர்க்கிறே' என்று சொல்ல ஆளில்லாத வீட்டில், அந்த ஹார்ட்கள் உனக்கும் ஆறுதலாக இருந்திருக்கலாம். அந்தக் குறையை உன் கணவரிடம் நேராகச் சொல். அதைக் குழந்தையை வைத்து நிரப்பாதே.

பழைய ரீல்ஸை எடுத்துவிடு. ஏன் என்று அவளிடம் சொல், ஆனால் அவள் தப்பு செய்தது மாதிரி சொல்லாதே. சாயங்காலம் நீயும் தெருவில் இறங்கு. தலை கலையட்டும், வியர்க்கட்டும், அவள் பார்க்கட்டும். அப்பா போனில் பேசும்போது, இன்று எவ்வளவு தூரம் ஓட்டினாய் என்று கேட்கட்டும். அடிப்பது இன்றோடு சரி. சாப்பாட்டைக் குறைக்கிறாள், கண்ணாடி முன் அழுகிறாள் என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. அதற்குமுன் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416 இலவசம்தான்.