பி0171 வந்ததும் சென்சாரை மாற்றிவிடாதீர்கள்

சார், 2013 மாடல் பெட்ரோல் கார், பி0171 கோடு (இன்ஜின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்), ஆரப்பாளையம் சிக்னலில் நின்றால் ஐடிலிங் (நின்றபடி இன்ஜின் ஓடுவது) துடிக்கிறது, திருமங்கலம் ரோட்டில் ஏறிவிட்டால் சரியாக ஓடுகிறது, மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அந்தக் கோடு. அதைக் கண்டு சொல்வதே அந்தச் சென்சார்தான். அதுவே கெட்டிருந்தால் பெரும்பாலும் பி0130, பி0135 மாதிரி கோடுகள் வரும்.

கோடு படிக்கும் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் பிளஸ் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. நம்ம மதுரை வெயிலில் இத்தனை வருஷம் ரப்பர் ஹோஸ் வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்! பிசிவி ஹோஸை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உள்ளே இழுக்கும் குழாய்) விரலால் மடக்கிப் பாருங்கள்; விரிசல் அடிப்பக்கம், கிளாம்ப் ஓரத்தில் ஒளிந்திருக்கும். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் விடாதீர்கள். கார்ப் கிளீனர் என்ற ஸ்பிரேயை ஹோஸ் மேல் அடித்து விரிசலைத் தேடலாம் என்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

வேகம் கூடக்கூட ட்ரிம் ஏறினால் கதை வேறு. அப்போது ஃப்யூயல் பம்ப் பிரஷரையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் வரும் இரண்டு ட்ரிம் ரீடிங்கையும் இங்கே போடுங்கள், அப்புறம் மேற்கொண்டு பேசலாம்.