பசிக்கு டானிக் வேண்டாம், பாட்டிலை நிறுத்துங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. எடை 10 கிலோ 200 கிராம். ஆறு மாதமாக அப்படியே நிற்கிறது. மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு வந்துவிடுகிறது. சோற்றைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். பால் மட்டும் பாட்டிலில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடிப்பாள். கொஞ்ச நாளாகச் சுவரைச் சுரண்டித் தின்கிறாள். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர்தான், சானிட்டைசரும் வைத்திருக்கிறோம். பசி எடுக்க நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள் டாக்டர்.
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: டானிக் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பசியைத் தூண்டும் என்று கொடுக்கப்படும் சிரப்கள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது அலர்ஜிக்கான மருந்து. தூக்கம் வரவைக்கும், கூடவே பசியையும் கொஞ்சம் கிளப்பும், நிறுத்தியதும் பழைய கதைதான். உங்கள் மகளுக்குப் பசி இருக்கிறது. அதைப் பால் அடைத்துக்கொண்டிருக்கிறது.

பாட்டிலுக்கு 200 மி.லி. என்று வைத்தால் ஐந்து தடவைக்கு ஒரு லிட்டர். பாக்கெட் பாலில் அது ஏறக்குறைய 600 கலோரி. இந்த வயதுக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 1000 கலோரிதான். பாதிக்கு மேல் பாலிலேயே முடிந்துவிட்ட பிறகு சோற்றுக்கு எங்கே வாய் திறப்பாள்? பாலில் புரதமும் கால்சியமும் உண்டு, ஆனால் ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூடத் தேறாது. குழந்தைக்குத் தினமும் வேண்டியது சுமார் 8 மில்லிகிராம். போதாததற்கு, மற்ற உணவிலிருந்து வரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் பாலிலுள்ள கால்சியம் குறைக்கிறது. சுவரைச் சுரண்டுவதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்னும் குழந்தைக்கு முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். அடித்துத் திருத்துகிற பழக்கம் இல்லை அது. இரும்புச்சத்து குறைந்தால் பசியும் மந்தமாகும், அதனால் இன்னும் பால், இன்னும் குறைவு என்று சுற்றிக்கொண்டே போகும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே இது உங்கள் வீட்டுக் குறை மட்டும் இல்லை.

மாதாமாதம் வரும் வயிற்றுப்போக்குக்கும் நான் முதலில் சந்தேகப்படுவது அதே பாட்டிலைத்தான். நிப்பிளின் உள்பக்கம், திருகு மூடியின் மரைகள், அளவுக்கோடு பதிந்த பள்ளம், இங்கெல்லாம் பால் பிசுக்கு தங்கும். வெந்நீரை ஊற்றிக் குலுக்கினால் அது போகாது. பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு முழுக்க மூழ்கும்படி கொதிக்க வைத்தால்தான் போகும். ஐந்து தடவையும் யார் அப்படிச் செய்வார்கள்? பாதி குடித்து வைத்த பாலை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வாயில் வைப்பதும் நடக்கும். நம் ஊர் வெயிலில் அந்தப் பாலில் கிருமி பெருக அந்த ஒரு மணி நேரம் தாராளம்.

ஆக, இரண்டரை வயதில் பாட்டில் தேவையே இல்லை. நிறுத்தும் முறை இது. முதல் மூன்று நாள் பகல் பாட்டில்கள் இரண்டை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் சாப்பாட்டைக் கொடுங்கள். அடுத்த மூன்று நாளில் காலையும் மாலையும் பாலை எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றுங்கள், டம்ளருக்கு 150 மி.லி. போதும். கடைசியாக இரவு பாட்டில். இதுதான் கஷ்டம், இரண்டு மூன்று இரவு அழுகை இருக்கும். இரவில் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சொத்தையாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து நாளில் மொத்தப் பால் 300 முதல் 400 மி.லி.க்குள் வந்துவிட வேண்டும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். இடையில் மனம் இளகி ஒரு பாட்டில் கொடுத்தால் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வாள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களிடம் முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

பால் குறைந்த நாலைந்து நாளில் பசி தலைகாட்டும். அப்போது தட்டில் ரசம் சாதம் வைத்தால் வாய்ப்பு வீண். ரசத்தில் பிசைந்த சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் தண்ணீர்தான் அதிகம். சின்ன வயிற்றுக்குக் கெட்டியான உணவு வேண்டும். குழைந்த சாதம் அரை கப், கெட்டிப் பருப்பு கால் கப், ஒரு தேக்கரண்டி நெய், இரண்டு தேக்கரண்டி மசித்த கீரை. இது ஒரு வேளை. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ 45 கலோரி கூட்டும் என்பதால் இட்லிக்கும் அதைத் தடவலாம். நாளைக்கு மூன்று வேளை இப்படி, இடையில் இரண்டு முறை வாழைப்பழம், வேகவைத்த முட்டை, மசித்த சுண்டல், கேழ்வரகுக் கூழ் என்று ஏதாவது. அசைவம் உண்டென்றால் வாரம் ஒருமுறை கோழி ஈரலில் சின்னத் துண்டு, இரும்புச்சத்துக்கு அதற்கு இணையாகக் கீரையைச் சொல்ல முடியாது. கீரை, பருப்பில் உள்ள இரும்பு எளிதில் சேராது. சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தாலோ, சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுத்தாலோ கொஞ்சம் கூடுதலாகச் சேரும். முழுக் கடலை, முழு முந்திரி வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள். பிஸ்கட்டை வாங்கி வைக்காமல் இருப்பதே அதைக் கொடுக்காமல் இருக்க வழி.

அங்கன்வாடியில் பெயர் பதிந்திருக்கிறதா? சத்துமாவு, முட்டை, எடை பார்த்து அட்டையில் குறிப்பது எல்லாம் அங்கே கிடைக்கும். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு வாங்குவதில்லை. சத்துமாவு நல்ல பொருள். கஞ்சியாகத் தண்ணீராக்காமல் உருண்டை பிடித்தோ கெட்டியாகக் களிபோலக் கிளறியோ கொடுங்கள்.

அடுத்து தண்ணீரும் கையும். ஆர்.ஓ. கருவியிலிருந்து வரும்போது தண்ணீர் சுத்தம்தான். ஆனால் அதில் குளோரின் மிச்சம் இருக்காது, அதனால் அதன்பின் கிருமி விழுந்தால் தடுக்க எதுவுமில்லை. குடத்தில் பிடித்து வைத்து, டம்ளரை விரலோடு முக்கி எடுக்கிறீர்களா என்று பாருங்கள். குழாய் வைத்த பாத்திரம், அல்லது நீளக் கைப்பிடி உள்ள கரண்டி. குடத்தைத் தினமும் காலி செய்து தேய்த்துக் காயவையுங்கள்.

சானிட்டைசர் சோப்புக்கு மாற்று ஆகாது. புழு முட்டையையும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் வைரஸ்கள் சிலவற்றையும் அது கொல்வதில்லை. அழுக்குக் கையில் சரியாக வேலையும் செய்யாது. சோப்பு அவற்றைக் கையிலிருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடும். 20 வினாடி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண். பெரும்பாலான வீடுகளில் சோப்பு குளியலறையில் இருக்கும், சமையலறைத் தொட்டி அருகே பாத்திரம் துலக்கும் சோப்பு மட்டுமே. சமைக்கும்போது வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு கை கழுவும் சோப்பை வைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். குழந்தைக்கு ஊட்டுகிறவர் கை, குழந்தையின் கை இரண்டையும் கழுவவேண்டும், ஏனென்றால் ஊட்டும்போதே அவளும் தட்டில் கை வைப்பாள். மலம் கழுவிவிட்ட பின் கட்டாயம் சோப்பு. குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு நம்மிடம் ஊறியிருக்கிறது. பெரியவர் மலத்தில் இருக்கும் அதே கிருமிகள் அதிலும் இருக்கும். வாசலிலோ சாக்கடையிலோ கொட்டாமல் கழிப்பறையில் போடுங்கள். நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள்.

சுவரும் மண்ணும் தின்பவளுக்குக் குடற்புழு இருக்க வாய்ப்பு உண்டு. கடந்த ஆறு மாதத்தில் புழு மருந்து கொடுக்கவில்லையென்றால் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை. இரண்டு வயது முடிந்துவிட்டதால் முழு மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். அங்கன்வாடியில் குடற்புழு நீக்க முகாமில் கொடுத்திருந்தால் மறுபடி வேண்டாம். உங்கள் சுவர் பழைய எனாமல் பெயிண்ட் அடித்ததென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஈயம் கலந்திருக்கலாம்.

மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பல் முளைப்பதாலோ, குடல் விழுந்ததாலோ வருவதில்லை அது. குடல் தட்டுவதாக வயிற்றை அழுத்தி உருவ விடாதீர்கள். பேதியை நிறுத்தும் மருந்து, மிச்சமிருந்த ஆன்டிபயாடிக், இரண்டும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. பின்புறம் பார்த்து அளந்து கலக்குங்கள். பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் போட்டால் உப்பு எகிறி ஆபத்தாகும். தண்ணியாகக் கலந்தால் பலனில்லை. ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பின்னும் 100 முதல் 200 மி.லி., சிறு சிறு மிடறாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழ ருசி பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. சர்க்கரை பல மடங்கு அதிகம், பேதியைக் கூட்டும். அந்த எழுத்துகளை இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு இன்னும் எங்காவது இருக்கலாம்.

அதோடு ஜிங்க் 20 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிடும், அதோடு மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். முழுக்க 14 நாள் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வருவது குறையும், உங்கள் மகளுக்கு வேண்டியதே அதுதான். பட்டினி போடாதீர்கள். அரிசிக் கஞ்சியோடு நிறுத்தாமல் பருப்பு சாதம், தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம் கொடுக்கலாம். நோய் தெளிந்த பின் இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக. இதைச் செய்யாததால்தான் ஒவ்வொரு பேதியிலும் இழந்த எடை திரும்பாமல், அடுத்தது வந்துவிடுகிறது.

மலத்தில் ரத்தம், கண் குழிவது, ஆறேழு மணி நேரம் சிறுநீர் இல்லாதது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. 14 நாள் தாண்டியும் பேதி நிற்கவில்லையென்றால் பரிசோதனை அவசியம்.

இப்போதைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் வாரம் இருமுறை 1 மி.லி. கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் வருமுன் காப்பதற்கு. ரத்தசோகை இருந்தால் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வீதம் தினமும் வேண்டும். மருந்துக்கு மருந்து செறிவு மாறும் என்பதால் எத்தனை மி.லி. என்று டாக்டர்தான் எழுதவேண்டும். பாலோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பின்னும் இரண்டு மூன்று மாதம் தொடரவேண்டும். மருந்து பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்பு மருந்தை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

எடை விஷயத்தில், இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரி 12.7 கிலோ. 10 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு என்று எடுத்துக்கொள்வோம், உங்கள் மகள் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறாள். இந்த வயதில் மாதம் சுமார் 200 கிராம் ஏறவேண்டும். அங்கன்வாடியில் புஜத்தின் நடுவில் நாடா வைத்துச் சுற்றளவும் பார்க்கச் சொல்லுங்கள். 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் கவனம், 11.5க்குக் குறைந்தால் உடனே மருத்துவமனை. மாதம் ஒருமுறை, ஒரே தராசில், மெல்லிய உடையோடு எடை போடுங்கள். பாட்டிலை நிறுத்தி, சாப்பாடு தேறி இரண்டு மாதம் ஆன பின்னும் 300 கிராம்கூட ஏறவில்லையென்றால் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், மலப் பரிசோதனையும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விசாரணையும் அப்போது தேவைப்படும்.